நின்ற இடத்தில் தேய்கிற வண்டி

1

இந்தக் கதை நானாக யோசித்து உண்டாக்கியதல்ல. ஒரு பட்டறை வாசலில் நின்றபோது காதில் விழுந்த கேள்வியிலிருந்து எடுத்தது. கேள்வி மட்டும்தான் முழுதாக விழுந்தது. மற்றதில் பாதி மெக்கானிக் ஜெரால்டு சொன்னது, கொஞ்சம் அந்தப் பெண்ணே பின்னால் சொன்னது, மீதி என் கைச்சரக்கு. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்களை மாற்றவில்லை.

போன மாசியில், ஒரு பத்திரிகை கேட்ட பயணக் கட்டுரைக்காகச் சித்தன்னவாசல் போகப் பைக்கில் கிளம்பினேன். புதுக்கோட்டையைத் தாண்டுவதற்குள் செயின் அறுந்துவிட்டது. லோடு வண்டிகள் பார்க்கிற ஒரு பட்டறைவரை தள்ளிக்கொண்டு போனேன். ஜெரால்டு பைக் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்த்து உட்காரச் சொன்னார்.

எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். பஸ்ஸில் வந்தவள். கையில் கேரி பேக், அதற்குள் பழைய துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்துக் காட்டினாள். இன்ஜின் ஆயில் ஊற்றுகிற வாயின் மூடி. உட்புறத்தில் பால் கலந்த காப்பி போல நுரை அப்பியிருந்தது. வண்டியைக் கொண்டுவரத் தெரியாததால் மூடியை மட்டும் கழற்றி எடுத்து வந்திருக்கிறாள்.

ஜெரால்டு அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்:

"ஒரு வண்டி ஓட்டுனாத் தேயுமா தம்பி, ஓட்டாம வச்சிருந்தாத் தேயுமா?"

நான் சித்தன்னவாசல் போகவே இல்லை.

2

தொடக்கங்கள்.

"பிரகதீஸ்வரி சாவியைத் திருப்பியபோது சூரியன் மேற்கே—" வேண்டாம். கதைகளில் சூரியன் அளவுக்கு அதிகமாக வேலை பார்க்கிறது.

"டீசல் இன்ஜின் என்பது அடிப்படையில்—" டீசல் இன்ஜினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

மூன்றாவது தொடக்கம் நிற்கும் என்று நினைக்கிறேன்.

சேவுகன் பதினொரு வருடம் அடுத்தவர்களுடைய லோடு வண்டிகளை ஓட்டிவிட்டு, கடைசியில் தனக்கென்று ஒன்று வாங்கினான். குளத்தூர்ப் பக்கம் ஒருவர் வைத்திருந்த ஒன்பது வருடத்துப் பிக்கப். மீட்டரில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். பலாப்பழமும் தேங்காயும் ஏற்றி நாலு மாதம் ஓட்டியிருப்பான். எப்போதோ எழுதிப் போட்டிருந்த சிங்கப்பூர் வேலைக்கு அப்போதுதான் பெர்மிட் வந்தது. இரண்டு வருடம். போய்த்தான் ஆகவேண்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். வண்டியை மட்டும் விற்கமாட்டேன் என்றான். திரும்பி வந்தால் அதுதான் பிழைப்பு.

கிளம்புகிற அன்று மனைவி பிரகதீஸ்வரியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, நியூட்ரல் எது, சாவியை எப்படித் திருப்புவது, ஆயில் அளக்கிற கம்பியை எப்படித் துடைத்துப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்தான். தினமும் சாயந்தரம் ஆறு மணிக்கு ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். அந்த நேரம் அவன் வீடியோ காலில் வருவான். சத்தத்தைக் கேட்டே வண்டி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

அப்படித்தான் எட்டு மாதம் நடந்தது.

[இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. அந்த வீட்டில் போன் என்பது பொதுச்சொத்து. சேவுகன் கூப்பிட்டால் முதலில் அவன் அம்மா, பிறகு அப்பா, பிறகு பக்கத்து வீட்டுச் சித்தி. பிரகதீஸ்வரி கைக்கு வரும்போது பேசவேண்டியதெல்லாம் பேசி முடிந்திருக்கும். அவன் தங்கியிருந்த அறையிலோ பன்னிரண்டு கட்டில்கள். ஆனால் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால், அவள் பேசுவது வீட்டுக்குக் கேட்காது. அந்தப் பக்கம் அவன் காதில் வயரை மாட்டிக்கொண்டால் அங்கேயும் யாருக்கும் கேட்காது. நாள் முழுக்க அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.]

3

இனி ஜெரால்டு. இவரைப் பற்றி நான் கற்பனை செய்யத் தேவையில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன்.

நுரை என்றதும் அவருக்கும் முதலில் பயம்தான். ஹெட் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் இறங்கியிருந்தால் பெரிய வேலை. தண்ணீர் குறைகிறதா, புகை வெள்ளையாக வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை என்றாள். எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்றார். தினமும் ஐந்து நிமிடம், நின்ற இடத்திலேயே என்றாள். அவர் மூடியைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, அஞ்சு நிமிசத்துல இன்ஜின் சூடே ஆகாது. உள்ள ஈரம் கோத்துக்கிட்டு ஆயில்ல கலந்துரும். அதான் இது. இன்னொண்ணு, வண்டி நிக்கிறப்ப ஆயில் பூரா கீழ எறங்கிக் கெடக்கும். சாவியத் திருப்புன ஒடனே மேல வந்துராது. அந்த நாலஞ்சு செகண்டு இரும்பும் இரும்பும் ஒரசும். தேயிறது அப்பத்தான். ஓடுறப்ப இல்ல."

வாரம் ஒரு முறை இருபது கிலோமீட்டர் ரோட்டில் ஓட்டினால் போதும், தினமும் ஸ்டார்ட் பண்ணுவதுதான் கெடுதல், இப்படியே இன்னும் ஆறு மாதம் போனால் பேரிங்கில் கைவைத்துவிடும் என்றார். ஆயில் மாற்ற வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். பிரகதீஸ்வரி மூடியைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் அவள் கணக்குப் போட்டாள் என்று எழுதியிருந்தேன். எட்டு மாதம், இருநூற்று நாற்பது தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு செகண்ட். பின்னால் அவளிடம் கேட்டபோது கணக்கெல்லாம் போடவில்லை என்றாள். இன்றைக்கு ஆறு மணிக்கு என்ன செய்வது என்று மட்டும்தான் யோசித்தாளாம்.

4

ஒரு கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான்.

ஏன் அவள் உடனே அவனிடம் சொல்லவில்லை? "இனிமே ஸ்டார்ட் பண்ண வேணாமாம்" என்று ஒரே வரி. சொல்லியிருந்தால் வண்டி பிழைத்திருக்கும், கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். கோழை என்று நினைத்து அவளைச் சற்றுத் துணிச்சலானவளாக மாற்றிக்கூடப் பார்த்தேன். "அன்றே அவள் போனை எடுத்து—"

அடித்துவிட்டேன். வண்டிக்குள் போகக் காரணம் இல்லையென்றால் போன் மறுபடியும் மாமியார் கைக்குப் போய்விடும். அது அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம் அவன் ஆசையாக வாங்கிய வண்டி, இன்னொரு பக்கம் அவன் குரல். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போய்விடும். இதில் துணிச்சலுக்கு என்ன வேலை?

அவள் செய்தது வேறு. புதுக்கோட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். மாமியாரிடம் சொன்னாள், கணவனிடம் சொல்லவில்லை. அங்கிருந்து அவன் என்ன செய்ய முடியும், பயப்படத்தான் முடியும் என்று நினைத்தாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மறுநாள் காலையில், வண்டி வெளியே போக முடியாதபடி எட்டு மாதமாகக் கிடந்த வைக்கோல் போரை மாமனாரே தனியாளாக வேலியோரம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

[வண்டி ஓட்டப் பழகிய மூன்று மாதமும் ஆறு மணிக்கு ஸ்டார்ட் பண்ணத்தான் செய்தாள். ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் பல்லைக் கடித்துக்கொள்வாளாம்.]

5

லைசென்ஸ் வந்த வாரம், ஒரு சனிக்கிழமை, நாலரை மணிக்கு வண்டியை எடுத்தாள். செம்மண் பாதையில் புழுதி கிளம்பாமல் மெதுவாகப் போனாள். புழுதி உள்ளே போனால் அதுவும் இன்ஜினை அரிக்கும் என்று ஜெரால்டு சொல்லி, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யக் காட்டிக்கொடுத்திருந்தார். தார் ரோடு வந்ததும் இரண்டு, மூன்று, நாலு என்று கியரை மாற்றினாள். சூடு காட்டுகிற முள் பதினொரு மாதத்தில் முதல் தடவையாகப் பாதிக்கு ஏறி நின்றது.

திருவரங்குளத்தில் கோயில் பக்கம் திரும்புகிற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. கிளட்சைச் சீக்கிரம் விட்டுவிட்டாள். பின்னால் ஒரு டவுன் பஸ், ஹாரனை அடித்துக்கொண்டே. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாவியில் கைவைத்தவளுக்கு வெட்கம் வரவில்லை, அய்யோ மறுபடியும் ஒரு ஸ்டார்ட்டா என்ற பதற்றம்தான் வந்தது. அப்புறம் நினைவு வந்தது. இப்போது இன்ஜின் சூடாக இருக்கிறது, ஆயில் மேலேதான் இருக்கிறது, உரசாது. ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதை அவளேதான் சொன்னாள். நானாக எழுதியிருந்தால் பஸ் டிரைவரை இறக்கித் திட்டவிட்டிருப்பேன்.

6

வீட்டுக்கு வந்து நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சரியாக ஆறு மணிக்குப் போன் வந்தது. எதுவும் நடக்காதது போலச் சாவியைத் திருப்பினாள்.

சேவுகன் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு கண்ணைத் திறந்தான்.

"வண்டி சூடா இருக்கே" என்றான்.

தூங்கி எழுந்த டீசல் வண்டி முதலில் கடகடவென்று கரகரக்கும். ஓடி வந்த வண்டியின் சத்தம் வேறு. பதினொரு வருடம் கேட்ட காது.



"யாரு எடுத்தா?"

[இங்கே மூன்று நாள் நின்றேன். அவன் சந்தேகப்படுவதாக ஒரு பக்கம் எழுதினேன். "என் வண்டியில எவன்—" என்று தொடங்கி வாக்கியம் நன்றாகவே ஓடியது. நன்றாக ஓடியதுதான் உறுத்தியது. ஆயிரம் கதைகளில் எழுதப்பட்டுத் தயாராகக் கிடந்த கணவன் அவன். கிழித்தேன்.]

"நாந்தாங்க" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

"எது வரைக்கும்?"

"திருவரங்குளம். போயிட்டுத் திரும்பிட்டேன்."

"எத்தனாவது கியர் போட்டே?"

"நாலு."

"அஞ்சும் போடு. நாலுலயே இழுத்தா இன்ஜினுக்கு வேல சாஸ்தி."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. நுரை, மூடி, ஜெரால்டு சொன்னது எல்லாவற்றையும் கொட்டினாள். அழுதுகொண்டே, "நம்ம பேசப் பேச அது தேஞ்சிருக்குங்க" என்றாள்.

"தெரியும்" என்றான் சேவுகன்.

அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். தெரிந்தால் எதற்காகத் தினமும் ஸ்டார்ட் பண்ணச் சொன்னீர்கள் என்று கேட்டாள். இன்ஜின் சத்தம் இல்லாததால் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வேற எங்கிட்டு ஒன்னத் தனியாப் புடிக்கிறது?"

7

முடிவுக்கு வந்துவிட்டோம். அதனால்தான் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

அவன் திரும்பி வருவதாக ஒரு முடிவு எழுதினேன். ஏர்போர்ட்டுக்கு அவளே வண்டி ஓட்டிக்கொண்டு போகிறாள், அவன் பக்கத்து சீட்டில்— விட்டுவிட்டேன். அவன் வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. நடக்காததை நடந்ததாகச் சொல்ல மனம் வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஜெரால்டு இரண்டாவது முறையும் ஆயிலை மாற்றிவிட்டு, ஒரு கம்பியை இன்ஜினில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார். கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஓடும் என்றார். பிரகதீஸ்வரி இப்போது வாரம் மூன்று நாள் அக்கம்பக்கத்துத் தேங்காய் லோடு எடுக்கிறாள். அஞ்சாவது கியர் போடுகிறாள்.

எனக்குத் தீராத சந்தேகம் ஒன்றுதான். "தெரியும்" என்று அவன் சொன்னது நிஜமா?

அத்தனை வருடம் டிரைவராக இருந்தவனுக்கு இது தெரியாமல் இருக்குமா என்று ஒரு நாள் தோன்றுகிறது. அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறவன் அதை மாதக்கணக்கில் நிறுத்திவைத்துப் பார்த்திருக்கவே மாட்டானே, எப்படித் தெரியும் என்று மறுநாள் தோன்றுகிறது. தெரியாமலே செய்துவிட்டு, அவள் அழுவதைப் பார்த்ததும், பழியை அவள்மேல் விடக்கூடாது என்று அந்த நொடியில் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். அவளிடமே கேட்டேன். சிரித்தாள். "நீங்கதானே எழுதுறீங்க" என்றாள்.

எழுத முடியவில்லை. இரண்டு வாக்கியங்களையும் இங்கே வைத்துவிட்டுப் போகிறேன். வேண்டாததை நீங்கள் அடித்துவிடுங்கள்.

அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

எதை அடித்தாலும் ஒன்று மாறப்போவதில்லை. ஆறு மணிக்கு அவள் போனை எடுத்துக்கொண்டு, நிற்கிற வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறாள். வேர்த்துக் கொட்டும். ஸ்டார்ட் பண்ணுவதில்லை. வெளியே மாமியார், வண்டிப் பக்கமாகப் போகிற கோழியைக்கூடக் கையை ஆட்டி இங்கிட்டு விரட்டிக்கொண்டிருப்பார்.