பதினான்கு சதவீதம்

அந்த வீட்டில் சுவிட்சை அணைக்காமல் அறையை விட்டு வெளியே வருவது மகா பாவம். அப்பா போட்ட சட்டம் அது. ஆள் உட்கார்ந்திருக்கும்போதே மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போவார், கேட்டால், "எந்திரிக்கத்தானே போறே?" என்பார். மகளுக்கும் அதே கை. ஜெராக்ஸ் கடை வைத்துப் பன்னிரண்டு வருடமாகியும், வந்தவர் படி இறங்குவதற்குள் விளக்கை அணைத்துவிடுவாள்.

இப்போது அப்பாவுக்கு நுரையீரல் பழுது. கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடுகிறது. கரண்ட் போனால் கைகொடுக்க, கைப்பிடி வைத்த பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். முழு சார்ஜில் அந்த மெஷினை இரண்டரை மணி நேரம் ஓட்டும். பெட்டி வந்த தெம்பில், காலியான ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்பும் வேலை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

அன்று காலை கடைத்தெருவில் மட்டும் கரண்ட் இல்லை. டியூஷன் வாத்தியார் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். மதியம் பரீட்சை. இருநூறு வினாத்தாள், ஒவ்வொன்றும் ஆறு பக்கம். அவரை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நேராக வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கினாள்.

"எனக்கென்னவோ மனசு ஒப்பலைடி" என்றாள் அம்மா.

"வீட்லதான் கரண்ட் இருக்கேம்மா. மதியத்துக்குள்ள கொண்டாந்துடறேன்."

அப்பா மூக்கில் குழாயோடு படுத்தபடியே கையசைத்தார். "எடுத்துட்டுப் போகட்டும். பாத்து செலவு பண்ணு."

பாத்துத்தான் செலவு பண்ணினாள், அதுதான் வினையே. கடையிலிருந்தது ஆளுயரப் பழைய ஜெராக்ஸ் மெஷின். இருபது செட் எடுப்பாள், உடனே மெஷினை அணைப்பாள், அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடிப்பாள், மறுபடி போடுவாள். போட்டதும் அது இரண்டு நிமிடம் முக்கி முனகிவிட்டுத்தான் தாள் இழுக்கும். பெட்டியின் திரையில் நூறு என்றிருந்தது எண்பத்தொன்பது ஆயிற்று, பிறகு எழுபத்தெட்டு. சார்ஜ் குறையக் குறைய அவள் இன்னும் பதறிப் பதறி அணைத்தாள்.

எட்டாவது கட்டு முடிந்தபோது பக்கத்துக் கடை செல்போன் மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி அதைப் போட்டுப் போட்டு நிறுத்துறே?"

"சார்ஜை மிச்சம் பிடிக்கிறேண்ணே."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா பிடிச்சே போ! தாள் இழுக்கறதுக்கு என்ன பெரிய கரண்ட்? ஒவ்வொரு தடவை போடறப்பவும் உள்ள இருக்கற உருளை முதல்லேர்ந்து சூடாகணும். குடிக்கறதே அதுதான். ஒரே மூச்சுல ஓட்டிருந்தா பாதி கூடப் போயிருக்காது."

திரையில் பதினான்கு சதவீதம் என்றிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"இங்கயும் போயிடுச்சுடி" என்றாள் அம்மா. "மூச்சு வாங்குது அவருக்கு. சீக்கிரம் வா."

ஜெராக்ஸ் ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினாள். மெக்கானிக் பெட்டியைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்தார். அவள் தன் கணவனுக்குப் போன் செய்து, "என்னங்க, எங்கேர்ந்தாவது ஒரு சிலிண்டர் கொண்டாங்க. எதுவும் கேக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். வழி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். யாரோ ஒருவரின் பரீட்சைக்காக அப்பாவின் மூச்சை எடுத்துக்கொண்டு போனவள் என்று நினைக்கையில் வண்டி தடுமாறியது.

அப்பா தலையணைகளில் சாய்ந்து, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மெஷினைப் பெட்டியில் சொருகினாள். அது உறுமி எழுந்தது. இன்னும் இருபத்தோரு நிமிடம் என்றது திரை.

சற்று மூச்சு நிதானப்பட்டதும் அப்பாவின் கண் அந்த எண்ணில் விழுந்தது. மெல்லக் கையை நீட்டி மெஷினை நிறுத்தினார்.

"கொஞ்ச நேரம்... தாங்குவேன். மிச்சம் பிடிக்கலாம்."

"ஐயோ, வேண்டாம்பா!" அவள் பாய்ந்து மறுபடி போட்டாள். "நிறுத்திப் போட்டா மெஷின்ல முதல்லேர்ந்து காத்து சேரணும்பா. இப்படி அணைச்சு அணைச்சுப் போட்டுத்தான் எல்லாத்தையும் தீர்த்துட்டு வந்திருக்கேன்."

அவர் அவளையே பார்த்தார். கை மறுபடி சுவிட்சை நோக்கி வந்தது, பழக்கம் விடுமா? அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு, ஒன்பது, ஆறு என்று நிமிடங்கள் இறங்கின. அம்மா தெருவைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றாள்.

மூன்று என்றபோது கணவன் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு ஓடி வந்தான். குழாயை மாற்றினார்கள். அப்பாவின் நெஞ்சு சீராக ஏறி இறங்கத் தொடங்கியதும் அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மெஷின் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. அப்பா பார்த்தார். கை பாதி தூரம் வந்து அப்படியே நின்றது. இந்த வீட்டில் எந்த சுவிட்சையும் யாரையும் கேட்டு அணைக்காத மனிதர், தரையில் உட்கார்ந்திருந்த மகளிடம் கேட்டார்:

"இப்ப நிறுத்தலாமாம்மா?"

அவள் தலையாட்டினாள். பிறகு, அவர் கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.