நாற்பத்தேழு பின்கள்

புத்தகங்கள் சோதனை முடிந்து சிறைக்குள் போய்விட்டன. வாசலில் கைப்பையைப் பெட்டகத்தில் வைக்கும்போதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பையிலிருந்த, புத்தகங்களிலிருந்து பிடுங்கிய ஸ்டேப்ளர் பின்கள் கிடந்த டப்பாவைக் கொட்டி எண்ணினாள். இருபத்து நான்கு புத்தகம், ஒன்றுக்கு இரண்டு பின். நாற்பத்தெட்டு இருக்க வேண்டும். நாற்பத்தேழுதான் இருந்தது.

கைதிகளிடம் இரும்பு எதுவும் போகக் கூடாது. அதனால் மோட்டார் பழுது பார்க்கும் கையேடுகளின் பின்களை இவள் பிடுங்குவாள். அவளோடு சிறை ஊழியத்துக்கு வரும் தையற்கார அக்கா புத்தக முதுகில் நூல் ஓட்டுவாள். கடைசித் தாளில் ஒரு ஜெபம் ஒட்டியிருக்கும்.

“எண்ணலைன்னா உனக்குச் சோறு இறங்காதே,” என்றாள் அக்கா. “வீட்டுத் தரையில கிடக்கும். வா.”

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இவளுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

சிறையின் ஜெபக் கூடத்தில் முன்வரிசையில் வெல்டர் உட்கார்ந்திருந்தார். எட்டு வருஷமாக உள்ளே இருக்கும் கைதி. வெள்ளிக்கிழமை விடுதலைக் குழு முன்னால் நிற்கப் போகிறார். மகள் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறாளாம். போன மாதம் வேறொரு கைதியின் சட்டைப் பையில் உடைந்த பிளேடு கிடைத்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர் விடுதலை போயே போய்விட்டது.

அக்கா பயத்தைப் பற்றியும் தேவன் கைவிடாததைப் பற்றியும் பேசினாள். இவள் காதில் எதுவும் ஏறவில்லை. வாயைத் திறந்தால் இனி புத்தகமே உள்ளே வராது. திறக்காவிட்டால், கூடம் கலையும்போது நடக்கும் சோதனையில் யாரோ ஒருவர் மாட்டுவார். ஒவ்வொரு மடியாகப் பார்த்தாள். எல்லாரும் பக்கம் புரட்டினார்கள். வெல்டர் மட்டும் புரட்டவில்லை. ஜெபத்துக்கு எல்லாரும் கைகூப்பியபோது அவருடைய வலது கை இறுக மூடியே இருந்தது. நெற்றி முழுக்க வியர்வை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கீழே போட்டாலும் ஆபத்து, கொடுத்தாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்று அந்த மனிதர் ஒரு மணி நேரமாக அந்தப் பின்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

காவலர் எழுந்து, வரிசையாக நிற்கச் சொன்னார். நாலு பேர் முன்னால் பெயர் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் பெண் அவள்.

“சார்,” என்றாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடியும், “சார். ஒரு புத்தகத்துல நான் பின்னை எடுக்காம விட்டுட்டேன். அவர் கையில இருக்கு. அவர் மேல தப்பில்ல.”

அக்கா வாயில் கைவைத்தாள். காவலர் வெல்டர் பக்கம் திரும்பினார்.

“கையத் திற.”

விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளங்கையில் வளைந்த பின் பதிந்து, சிவந்திருந்தது. வெல்டர் அதைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

காவலர் பின்னைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புத்தகங்களையெல்லாம் திரும்ப வாங்கச் சொன்னார். அவை மறுபடி உள்ளே வருமா என்று அக்கா கேட்டபோது இவள் பக்கம் திரும்பினார்.

“இத நான் எழுதியாகணும்,” என்றார் அவளிடம். “எழுதினா குழு கேக்கும். நீங்க வெள்ளிக்கிழமை வந்து, அத்தன பேர் முன்னாடியும் இதே மாதிரி சொல்லணும். வரலைன்னா இவன் கதை முடிஞ்சுது. வருவீங்களா?”

எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

“வரேன் சார்.”