காற்று இழுக்கும் இடம்

வாஹித் பாஷாவின் லோடரைப் பார்க்க நான் மேல்விஷாரம் போனபோது, அதை வாங்கிப் பிரித்து விற்கிற புரோக்கர் சாயங்காலம் வருவதாகப் பேச்சு முடிந்திருந்தது. எனக்கு வந்தது கோபம். பாடை கட்டிய பிறகுதான் டாக்டரைக் கூப்பிடுவார்களா?

"ரெண்டு மெக்கானிக் பாத்துட்டாங்க, இன்பராஜ் அண்ணா. கியர்பாக்ஸே போச்சுன்றாங்க. காலைல நல்லா இழுக்குது. சூடு ஏறிச்சுன்னா நகர மாட்டேன்னுது. நீங்களும் ஒருவாட்டி பாத்துட்டா மனசு ஆறிடும்" என்றான் வாஹித்.

மனசு ஆற்ற நான் என்ன பாதிரியாரா?

அடுத்தவன் வண்டியில் வருஷக்கணக்காகக் கூலிக்கு ஓட்டித்தான் இந்தப் பழைய லோடரை வாங்கியிருந்தான். தோல் மண்டிகளுக்கு, தோல் கெடாமல் இருக்க, அதன் வாளியால் உப்பு அள்ளிப் போடுவான். இது போய்விட்டால் மறுபடியும் கூலிதான். அவன் மனைவி அஃப்ஸர் ஜஹான் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவள். அன்று லீவு போட்டுவிட்டு, சக்கரத்தின் நிழலில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள். வண்டியை வழியனுப்ப வந்தவள் மாதிரி இருந்தாள்.

இந்த வண்டியில் கியர் பிடிப்பதே எண்ணெயின் அழுத்தத்தால்தான். பம்பு எண்ணெயைத் தள்ளும், அது கிளட்சை அழுத்திப் பிடிக்கும். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் வழுக்கும். இன்ஜின் கத்தும், சக்கரம் சும்மா நிற்கும். நான் பிரஷர் கேஜை மாட்டினேன்.

"முன்னாடி வந்தவங்க கேஜ் வச்சாங்களா?"

"இல்லண்ணா. சத்தத்தக் கேட்டே சொல்லிட்டாங்க."

"நல்ல காது."

வண்டி ஆறியிருந்தபோது முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. உப்பு அள்ளவிட்டு சூடேற்றினேன். முள் நடுங்கிக்கொண்டே இறங்கியது. ஒவ்வொரு கியராகப் போடச் சொன்னேன். ஒன்றில் மட்டும் இறங்கினால் அந்த கிளட்சின் சீல் போயிருக்கும். இங்கே எல்லாவற்றிலும் ஒரே கதை. டிப்ஸ்டிக்கை உருவினேன். எண்ணெய் அளவு சரி, ஆனால் ஒரே நுரை. பம்பு எண்ணெயோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது.

எங்கே இழுக்கிறது? பம்புக்கு எண்ணெய் போகும் குழாயின் இணைப்பைச் சுற்றி, காற்று புகாதபடி கிரீஸை அப்பினேன். முள்ளின் நடுக்கம் நின்றது. மெல்ல மேலே ஏறியது.

"கியர்பாக்ஸ் கல்லு மாதிரி இருக்குப்பா. புரோக்கர வரவேணாம்னு சொல்லு."

வாஹித்தின் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்க யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. வண்டியை ஆறவிட்டு இணைப்பைக் கழற்றியதும் அதற்கு வசதியாகப் போயிற்று. நடுவே, இடைவெளியை அடைக்கிற கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்தில் தோல் இருந்தது. சூட்டில் காய்ந்து, சுருங்கி, ஒரு ஓரம் விலகியிருந்தது.

"எந்த மடையன்யா இதுல தோல வெட்டி வச்சவன்?"

"நான்தாண்ணா" என்றான் வாஹித் அவசரமாக. "பக்ரீத் டைம். தோல் லாரி லைனா நிக்குது, உப்பு அள்ளணும், கடையெல்லாம் மூடிட்டாங்க. கைல கெடச்சத வெட்டி வச்சேன்."

நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். வட்டத்தில் ஒரு பிசிறு இல்லை. போல்ட் துளைகள் அச்சடித்ததுபோல் இருந்தன. வாஹித்துக்குப் பரோட்டாவைக்கூட ஒழுங்காகப் பிய்க்க வராது.

அஃப்ஸர் எழுந்து வந்தாள். "அவரு இல்லண்ணா, நான் வெட்டுனது. முதுகுத் தோலா, தழும்பில்லாத எடமா பாத்துதான் வெட்டுனேன்." தோலை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். "என்னாலயா இவ்ளோவும்?"

சொல்லிவிட்ட 'மடையன்' என்ற வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியாமல் நின்றேன். வாஹித் பக்கம் திரும்பினேன். "இத முன்னாடி வந்தவங்ககிட்ட ஏன்பா சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சுண்ணா. ஆனா சொன்னா இவ பேர்ல வந்துடும். வண்டி போனா போவுது, இன்னொன்னு வாங்கிக்கலாம். இவ காலம் பூரா என்னாலதான்னு அழுதுட்டிருப்பா."

"இன்னா ஆளுங்க நீங்க!" அஃப்ஸர் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையை அங்கிருந்து எடுக்காமலே அழுதாள்.

நான் என் பையிலிருந்து எண்ணெய் தாங்குகிற கேஸ்கெட் ஷீட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். "நீயே வெட்டும்மா. எனக்கு இவ்ளோ சுத்தமா வராது."

வாஹித் ஷீட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் குழாய் வாயை வைத்து அளவு வரைந்து வெட்டினாள். மாட்டி, மறுபடி சூடேற்றினோம். முள் அசையவில்லை. புரோக்கருக்குச் சொல்ல மறந்தே போயிருந்தது. அவர் வந்து பைக்கை நிறுத்துவதற்குள் அஃப்ஸர் முன்னால் போய், வண்டி விற்கிறதுக்கில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நான் சாமான்களைக் கட்டும்போது வாஹித் அந்தச் சுருங்கிய தோலைத் தேடி எடுத்தான்.

"அத தூக்கிப் போடுப்பா."

"இருக்கட்டும்ணா" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெள்ளைச் சட்டை. எண்ணெய்க் கறை மெல்லப் பரவியது. துவைக்க வேண்டியவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றாள்.