நடுப்பக்கத்தில் மழை

1

இந்தக் கதை பக்கத்து மேசையிலிருந்து எனக்குக் கிடைத்தது. சனிக்கிழமை காலைகளில் இலஞ்சிக் குமரன் சந்நிதியில் பதிகம் ஓதி முடித்து, ஈரம் உலராத திருநீற்றோடு அருகிலுள்ள சிறு நூலகத்துக்குப் போய், ஒரு பழைய உரைநூலை விரித்து உட்கார்வது என் வழக்கம். அதே நேரத்தில், அதே கூடத்தின் மறுபாதியில், பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளுக்குப் படக்கதை சொல்வார்கள். தொடக்கத்தில் அந்த இரைச்சலை வெறுத்தேன். பின்னர் ஒருநாள், பல வாரங்களாக உரைநூலின் ஒரே பக்கத்தில் நான் நின்றுவிட்டிருப்பதைக் கண்டேன்.

ஆகவே கேட்டதைக் கொண்டு எழுதுகிறேன். கேளாத இடத்தை இட்டு நிரப்புகிறேன். எது கேட்டது, எது நிரப்பியது என்று வாசகர் வினவ வேண்டா. எனக்கே அது கலங்கிப்போய் நாளாயிற்று.

2

தொடக்கம், முதல் வரைவு: மேலகரத்துப் பெர்சிஸ் புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் அட்டையைத்தான் காட்டுவாள்.

[தொடக்கம், இரண்டாம் வரைவு: ஓர் ஆட்டுக்குட்டி பாறைமேல் தனியே நின்றது. தாயைத் தேடி அது — கைவிட்டேன். எந்தப் பக்கம் முதல் பக்கம் என்பதே இந்தக் கதையின் வழக்கு. வழக்கை விசாரிக்குமுன் தீர்ப்பெழுதியது போலாகிவிடும்.]

முதல் வரைவே இருக்கட்டும். படக்கதை நேரத்தை நடத்துபவள் பெர்சிஸ். கூலி வாங்காமல் செய்கிற வேலை. ஆனால் முறையாகப் பயிற்சி பெற்றுச் செய்கிறாள். அட்டையைக் காட்டி, "இதுல என்னல்லாம் தெரியுது?" என்று கேட்பாள். பிறகு சொற்களின் அடியில் இடமிருந்து வலமாக விரலை ஓட்டுவாள். அடுத்தது என்ன என்று குழந்தைகள் ஊகிக்கும்படி பக்கத்தை மெல்லத் திருப்புவாள். எழுத்து அறியாத பிள்ளை முதலில் அறிய வேண்டியது புத்தகத்தைப் பிடிக்கும் விதம், திறக்கும் திசை, கண் போகும் வழி. எழுத்து அதன் பின்னர்தான். இது அவள் கொள்கை. எனக்கும் இதில் மறுப்பில்லை. எழுத்தறியுமுன் செவிவழியே பாடல் கற்ற மரபில் வந்தவன் நான்.

இந்தக் கதையில் வரும் ஆட்டுக்குட்டிப் புத்தகத்தின் அட்டையில் தாயாடும் குட்டியும் சேர்ந்து நிற்கும். முதல் பக்கத்தில் குட்டி தனியே பாறைமேல். நடுவில் இரண்டு பக்கமும் நிறைந்த மழை. கடைசிப் பக்கத்தில் குட்டி தாயின் வயிற்றோடு ஒண்டி உறங்கும்.

3

ஆசியா என்ற சிறுமிக்கு நான்கு வயது. வந்த நாள் முதல் ஒரு சொல்லும் பேசியதில்லை. வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, முடிந்ததும் தந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு சனிக்கிழமை, மற்றப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அவளாகவே அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்து, பின்னட்டையைத் திறந்தாள்.

"குட்டி ஒறங்குது," என்றாள். பக்கம் திரும்பியது. "இப்பம் முழிச்சிட்டு. வெளிய போவுது."

பெர்சிஸ் மூச்சை அடக்கிக் கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அதற்குள் சண்முகப்பிரியா என்னும் வாயாடிப் பெண் கத்தினாள்: "டீச்சர், டீச்சர், ஆசியா புஸ்தகத்தப் பின்னால இருந்து தொறக்கா!"

பெர்சிஸ் அன்போடுதான் குனிந்தாள். அன்போடுதான் அந்தச் சிறு கைகளிலிருந்த புத்தகத்தைத் திருப்பிவைத்தாள். "ஏட்டி தங்கம், இப்பிடில்லா புடிக்கணும். இதுதான் மொத அட்ட."

ஆசியா அட்டையைப் பார்த்தாள்; பெர்சிஸின் கையைப் பார்த்தாள். புத்தகத்தை மூடிப் பலகைமேல் வைத்தாள். அதன்பின் வந்த சனிக்கிழமைகளில் இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

4

இங்கே எனக்குப் பெர்சிஸ்மேல் ஐயம் வருகிறது. அவள்மேலா, நான் எழுதிய பெர்சிஸ்மேலா என்பதும் தெளிவாக இல்லை. ஒரு குழந்தையின் மௌனத்துக்கு ஒரே காரணம் சொல்லும் கதையை நம்பலாமா? அன்று பிள்ளைக்குப் பசித்திருக்கலாம். சண்முகப்பிரியாவின் குரலுக்கு அஞ்சியிருக்கலாம். ஆனால் பெர்சிஸ் அப்படியெல்லாம் நினைத்துத் தப்பிக்கவில்லை. ஆசியா மறுபடி புத்தகத்தைத் தொட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஞாயிறு ஆராதனையில் தலைகுனிந்திருந்தபோதும் அந்தத் தொடைக்கடியிலான கைகளே அவள் கண்ணில் நின்றன. (இது நான் நிரப்பியது. ஆராதனையில் நான் இருந்ததில்லை.)

5

இது கேட்டது. ஆசியாவின் தந்தை அகமது கபீர் குற்றாலத்தில் பழக்கடை வைத்திருப்பவர். மகளை அழைத்துப்போக வந்தவர் வாசலில் நின்று சொன்னார்:

"டீச்சர், அடுத்த சனி மட்டுந்தான் கூட்டிட்டு வருவேன். சாரல் கட்டிட்டுன்னா குத்தாலத்துக்குக் கூட்டம் வந்துரும், கடைய விட்டு நகர ஏலாது. வீட்டுல இவ அம்மாவும் கேக்குதா, வாயே தொறக்காத பிள்ளைய எதுக்கு இழுத்துக்கிட்டு அலையுதியன்னு."

"கோவிச்சுக்காதிய பாய். பிள்ளைக்கு இன்னும் புஸ்தகம் புடிக்கத் தெரியல. வீட்டுல கொஞ்சம் காட்டிக் குடுங்க."

கபீர் சிரித்துவிட்டார். "யாருக்கு, இவளுக்கா? நல்லா சொன்னிய போங்க! தெனம் காலையில அக்காகூட ஓதப் போவுதா. கை கழுவாம புஸ்தகத்தத் தொட்டா என்னையே அதட்டுதா. தரையில வச்சா மொறைக்கா. இவளுக்கா புடிக்கத் தெரியல?"

"அப்பம் ஏன் பின்னால இருந்து தொறக்கா?"

"பின்னாலயா?" என்ற கபீர் சற்று யோசித்தார். இரு உள்ளங்கைகளையும் புத்தகம்போல் சேர்த்துவைத்து, வலக்கையை மேலட்டைபோல் விரித்துக் காட்டினார். "ஓதுற புஸ்தகம் இப்பிடில்லா தொறக்கும். அரபி வலத்த இருந்து போவும். அவளுக்கு அதான் முன்னால."

அவர்கள் போனபின் பெர்சிஸ் தன் உள்ளங்கைகளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திறந்து மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

* அடிக்குறிப்பு போல ஒன்று: அந்தாதி ஓதிப் பழகியவனுக்கு முடிவே முதலாவது புதிதன்று. இருந்தும், ஒரு குழந்தை அதைச் செய்தபோது, பிழை செய்கிறாள் என்றுதான் நானும் என் மேசையிலிருந்து எண்ணினேன்.

6

கடைசிச் சனிக்கிழமைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

பெர்சிஸ் பின்னட்டை மேலே தெரியும்படி புத்தகத்தை ஆசியாவிடம் நீட்டுகிறாள். ஆசியா அதை வாங்கி, "இப்பிடில்லா டீச்சர் புடிக்கணும்," என்று முன்னட்டைக்குத் திருப்பிக்கொள்கிறாள். இதில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று விளங்கவில்லை. அஞ்சி வைத்துவிட்டேன்.

பெர்சிஸ் எங்கிருந்தோ ஓர் அரபிப் படப்புத்தகம் தேடிக் கொண்டுவருகிறாள்; எல்லாரும் கைதட்டுகிறார்கள்; வாசலில் கபீர் கண்ணைத் — சுவரொட்டிக்கு ஆகும்; கதைக்கு ஆகாது.

ஆசியா வரவேயில்லை. இதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

7

வந்தாள். வெளியே அந்த ஆண்டின் முதல் சாரல். கைகள் வழக்கம்போல் தொடைகளுக்கு அடியில்.

பெர்சிஸ் அன்று அட்டையைக் காட்டவில்லை. எழுந்து முற்றத்துக் குழாயடிக்குப் போனாள். எல்லாரும் பார்க்கக் கை கழுவினாள். துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்து, சரிபாதியில் விரித்தாள். இரண்டு பக்கமும் மழை. பிறகு கைகளை எடுத்துக்கொண்டாள்.

"ஏன் டீச்சர் கை கழுவுதிய?" என்றாள் சண்முகப்பிரியா. "சாப்பாடா?"

"புஸ்தகத்துக்குடி."

ஆசியா பெர்சிஸின் கைகளைப் பார்த்தாள். தன் கைகளை வெளியே எடுத்து அவற்றையும் பார்த்தாள். பின்னர் எழுந்து குழாயடிக்குப் போனாள். திரும்பி வரும்போது துடைக்க மறந்திருந்தாள்; விரல் நுனியிலிருந்து சொட்டிய நீர் படத்து மழையின்மேல் விழுந்தது.

"நனஞ்சுட்டு," என்றாள். வாரங்கள் கழிந்து வந்த சொல்.

"நனையட்டும். மழைதான?" என்றாள் பெர்சிஸ். "குட்டியும் நனையுது. அதோட அம்மா எங்கட்டி?"

ஆசியா சிறிது யோசித்தாள். கடைசிப் பக்கம் இருக்கும் திசையில் ஒரு கையை நீட்டினாள். முன்னட்டை இருக்கும் திசையில் மறு கையை நீட்டினாள்.

"அங்கனயும் இருக்கா. இங்கனயும் இருக்கா."

சொல்லிவிட்டுத் தாளின் ஓரத்தில் விரல் வைத்தாள்.

எந்த ஓரத்தில் என்பதை நான் பார்க்கவில்லை. எழுந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அந்நேரம் என் கண்கள் உரைநூலின் அதே பழைய பக்கத்துக்குக் குனிந்துகொண்டன. அங்கும் எழுத்துகள் கலங்கித்தான் தெரிந்தன. வாசலில் கபீர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். மகளின் குரல் கேட்டதும் மடக்குவதை நிறுத்திவிட்டு அப்படியே நனைந்து நின்றார். அது மட்டும் தெரியும்.

பதிகம் என்றால் இறுதியில் கடைக்காப்புப் பாடி, ஓதுவார்க்கு இன்ன பயன் என்று சொல்லி முடிக்கலாம். இதற்கு அது வாய்க்கவில்லை. எது கடை என்று தெரிந்தால் அல்லவா காப்புச் செய்வது? ஈரவிரல் இன்னும் தாளோரத்தில்தான் இருக்கிறது. வாசகரே, பக்கத்தை நீங்கள் திருப்புங்கள். எந்தத் திசையில் என்று நான் சொல்லமாட்டேன்.

தொடுமுன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.