ஊர் கேட்கப் பேசும் போன்

அமுதவல்லியின் போன் ஒரு செவ்வாய்க்கிழமை நண்டுக் கூடைக்குள் விழுந்தது. கூடையின் அடியில் நாலு விரற்கடை உப்புத் தண்ணீர் நின்றது. அவள் பதறி எடுப்பதற்குள் ஒரு நண்டு அதைத் தன்னுடையது என்று முடிவு செய்து பிடித்துக்கொண்டது. நண்டிடமிருந்து பிடுங்கி, துடைத்து, வீட்டு அரிசி டப்பாவுக்குள் புதைத்து, மறுநாள் விடியற்காலை எடுத்துப் பார்த்தபோது போன் உயிரோடுதான் இருந்தது. ஒரே ஒரு குறை. காதோடு வைத்துக் கேட்கிற சின்ன ஸ்பீக்கர் போய்விட்டது. இயர்போன் மாட்டும் ஓட்டையிலும் உப்பு பூத்துவிட்டது. இனி யார் பேசினாலும் பெரிய ஸ்பீக்கரில்தான் கேட்கும்.

விலை மலிந்த போன்களில் எதைக் குறைத்தாலும் சத்தத்தை மட்டும் யாரும் குறைப்பதில்லை. அமுதவல்லியின் போன் பேசினால் அவள் ஊரான தோணிரேவில் நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

பொன்னேரியில் ரிப்பேர் கடைக்காரர், "ஒரு நாள் உட்டுட்டுப் போங்கக்கா, பண்ணித் தரேன்" என்றார். ஒரு நாளா! அமுதவல்லிக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் கணவன் நீலமேகம் காசிமேட்டு விசைப்படகில் வேலை செய்கிறவன். கடலுக்குப் போனால் பத்து நாள் தங்கல். வீடும் இரண்டு பிள்ளைகளும் அவள் கையில். காலையில் பள்ளிக்கூட வேன்காரர் அந்தப் போனில்தான் கூப்பிடுவார். எட்டாவது படிக்கும் மோகன்குமாரின் கணக்குப் பாடமும், இரண்டாவது படிக்கும் வைஷ்ணவியின் வீட்டுப்பாடமும் அதில்தான் வரும். 'இடம் இல்லை, எதையாவது அழிக்கவும்' என்று போன் தினமும் கெஞ்சும். அவள் அடுப்பில் ஒரு கண் வைத்துக்கொண்டே ஊரார் அனுப்பிய காலை வணக்கப் பூக்களை எல்லாம் அழிப்பாள். பிறகு சாயங்காலம் மோகன்குமார் அதைப் பிடுங்கிக்கொண்டு பாட வீடியோ பார்க்க உட்காருவான். இதற்கு நடுவில் எந்த ஒரு நாளை பொன்னேரிக்குக் கொடுப்பது?

"கத்தினா கத்திட்டுப் போவட்டும்" என்று விட்டுவிட்டாள்.

அவள் வேலை ஊரையொட்டிய உப்புநீர் ஏரிக்கரையில், நண்டு கம்பெனியின் கொட்டகையில். உயிரோடு வரும் சேற்று நண்டுகளின் கொடுக்குகளை மடக்கிக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். ஒரு காலால் நண்டின் முதுகை அழுத்திக்கொண்டு, கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சுற்ற வேண்டும். பக்கத்தில் ராஜாத்தி இருப்பாள். அவளும் அவள் புருஷன் ராஜேந்திரனும் சேற்றில் இறங்கி வெறுங்கையால் நண்டு பிடிக்கிறவர்கள். பிடித்து வந்ததைக் கொடுத்த பிறகு ராஜாத்தி அங்கேயே இருந்து கட்டவும் உதவுவாள். எடை போடுகிறவர் சுப்பராயலு. கொட்டகைக்கு அவர்தான் பெரியவர்.

முதல் பெரிய அழைப்பு வியாழக்கிழமை வந்தது. அமுதவல்லி ஈரக் கையோடு மூக்கு நுனியால் திரையைத் தள்ளி எடுத்தாள். அது அவளுக்குப் பழகிப்போன வித்தை.

"வைஷ்ணவி அம்மாவா?" வகுப்பு டீச்சர் தேவி மிஸ்ஸின் குரல் தகரக் கூரையில் முட்டித் திரும்பியது. "உங்க பொண்ணு சாப்பாட்டுப் பையில நண்டு கொண்டாந்திருக்கா! அது இப்போ க்ளாஸ்ல நடக்குது!"

கொட்டகையில் எல்லா நண்டும் அப்படியே நின்றன. நின்றது கட்டுகிற கைகள்தான். ஆனால் பார்க்க அப்படித்தான் இருந்தது.

"கட்டுன நண்டா, கட்டாத நண்டா மிஸ்?" என்று சுப்பராயலு எடைத் தட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"யாருங்க அது? எனக்கு எப்படிங்க தெரியும்? ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு என் நாற்காலிகிட்ட வருது!"

"அப்போ கட்டாததுதான்" என்றார் சுப்பராயலு.

ராஜாத்தி கூடையைத் தள்ளிவிட்டுப் போனுக்கு நேராக வந்து குனிந்தாள். "மிஸ், நான் சொல்றத கேளுங்க. முன்னால நிக்காதீங்க. பசங்க எல்லாம் பெஞ்சி மேல ஏறிக்கட்டும்."

"ஏறிட்டாங்க. நானும் ஏறிட்டேன்."

"நீங்க எறங்கணும் மிஸ். குப்பக் கூட கீதா அங்க? அத்த எடுத்துக்குனு பின்னால போங்க. மெதுவா. அதுக்கு முன்னால இன்னா கீதுன்னுதான் பாக்கும்."

போனிலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. முப்பது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது கூடக் கேட்டது.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"கவுத்துடுங்க!"

டமால் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வகுப்பறை முழுவதும் கூச்சலிட்டுக் கைதட்டியது. அதைக் கேட்டு இங்கே கொட்டகையும் கைதட்டியது. அங்கே தட்டியதைக் கேட்டு இவர்கள் தட்ட, இவர்கள் தட்டியதைக் கேட்டு அவர்கள் மறுபடி தட்ட, யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தேவி மிஸ்ஸே சிரித்துவிட்டார். "பொண்ண திட்டாதீங்க. எனக்குக் காட்டத்தான் கொண்டாந்தாளாம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்றிலிருந்து அந்தப் போன் ஊருக்குப் பொதுவாகிவிட்டது. மணி அடித்தால் போதும், வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கூட வந்து நிற்பார்கள். "இன்னிக்கு மிஸ் கூப்பிடலையா?" என்று கேட்பார்கள்.

இது எதுவும் நீலமேகத்துக்குத் தெரியாது. அவன் கடலில் இருந்தான்.

நீலமேகத்தைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்தான். பேசாத மனுஷன். ஊர்க் கூட்டத்தில் 'சரி' என்பான், இல்லையென்றால் 'வேணாம்' என்பான். மூன்றாவதாக ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. மீசை வேறு கொஞ்சம் பெரிது.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கொட்டகையில் நிற்க இடமில்லை. நண்டு நிறைய வந்திருந்தது. அமுதவல்லியின் காலடியில் ஒரு கிலோவைத் தாண்டிய ஆண் நண்டு ஒன்று முரண்டு பிடித்தது. பல்லில் கயிறு, கையில் கொடுக்கு. அப்போது போன் அடித்தது. திரையில் 'வூட்டுக்காரர்' என்று வந்தது.

"அக்கா, அண்ணன்! கரைகிட்ட வந்துட்டாரு போல" என்று ராஜாத்தி உதவிக்காகத் தன் முழங்கையால் திரையைத் தள்ளினாள்.

அமுதவல்லியின் கண்கள் விரிந்தன. தலையை வேகமாக ஆட்டினாள். ஆனால் கயிற்றை விட்டால் நண்டு விரலை எடுத்துவிடும்.

"கொழுக்கட்ட…" என்றது போன்.

கொட்டகை திரும்பிப் பார்த்தது.

"ம்ம்! ம்ம்ம்!" என்றாள் அமுதவல்லி கயிற்றைக் கடித்தபடி.

"இன்னா கொழுக்கட்ட, கோவமா? பத்து நாளா பேசலன்னு வாயத் தொறக்க மாட்டேன்றியா?"

"ம்ம்ம்ம்!"

"சரி, சரி. நண்டு கடிச்ச வெரலு ஆறிச்சா? மஞ்சா வெச்சியா? நான் வந்து தலைல எண்ணெ வெச்சி உடுறேன், படுத்துக்கோ. பசங்கள நான் பாத்துக்குவேன், நீ எழுந்திரிக்காத."

"ம்ம்! ம்ம்! ம்ம்!" அவள் காலைத் தரையில் உதைத்தாள்.

"இன்னாடி, பாட்டா? பாட்டு கேக்குதா?" நீலமேகத்தின் குரல் இன்னும் குழைந்தது. "இங்க ஆளுங்க கீறானுங்க. மெதுவாத்தான் பாடுவேன்."

அவன் மெதுவாகத்தான் பாடினான். போன்தான் மெதுவாகப் பாடவில்லை.

"காத்தே காத்தே கரைக்குப் போ,
கொழுக்கட்ட சாப்ட்டாளா கேட்டு வா.
சாப்ட்டேன்னு சொன்னா நம்பாத,
சட்டிய தொறந்து பாத்து வா…"

ஒருவரும் அசையவில்லை. சுப்பராயலு எடைத் தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. நண்டு வாங்க வந்த இரண்டு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பாட்டின் நாலாவது வரியில் ராஜாத்தியின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான், கொட்டகை உடைந்துபோனது.

"யாரு அது? யாரு சிரிக்கிறது?"

அமுதவல்லி கயிற்றைத் துப்பினாள். நண்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. "யோவ்! போனு ஸ்பீக்கர்ல கீதுயா! காது ஸ்பீக்கர் பூடுச்சி!"

படகின் எஞ்சின் மட்டும் கேட்டது.

"எப்பலேருந்து?" என்றான் நீலமேகம் மிகச் சின்னக் குரலில்.

"கொழுக்கட்டைலேருந்து அண்ணா!" என்றாள் ராஜாத்தி.

லைன் அறுந்தது.

அமுதவல்லி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். அழப் போகிறாள் என்று நினைத்து ராஜாத்தி பின்னாலேயே போனாள். அமுதவல்லி ஒரு கவிழ்த்த படகில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியவில்லை. வெட்கம் ஒரு பங்கு இருந்தால் பெருமை மூன்று பங்கு இருந்தது. பதினைந்து வருஷமாக அவள் மட்டும் ரகசியமாக வைத்திருந்த மனிதனை இன்று ஊர் பார்த்துவிட்டது.

"எங்க வூட்டாளு போன் போட்டா இன்னா கேப்பாரு தெரியுமா அக்கா?" என்றாள் ராஜாத்தி. "'சாவி எங்க வெச்ச?' அவ்ளோதான்." சொல்லிவிட்டு எதையோ யோசிக்கத் தொடங்கினாள்.

நீலமேகம் ஞாயிற்றுக்கிழமை வந்தான். காசிமேட்டிலிருந்து ரயிலேறி, பொன்னேரியில் பஸ் பிடித்து, ஊர் நெருங்கும் திருப்பாலைவனம் வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன், அதற்கப்புறம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். சந்து சந்தாக நடந்து வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்தினான்.

"நான் திங்கக்கெழம வரைக்கும் வெளிய வரமாட்டேன்" என்றான்.

"எந்தத் திங்கக்கெழம?" என்றாள் அமுதவல்லி.

"நைனா, கபடி சொல்லித் தர்ற அண்ணன் அந்தப் பாட்டுல மூணாவது வரி இன்னான்னு கேட்டாரு" என்றான் மோகன்குமார். வைஷ்ணவி மூணாவது வரியைப் பாடியே காட்டினாள். நீலமேகம் துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டான். துண்டுக்குள் மீசை துடிப்பது தெரிந்தது.

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். ராஜேந்திரன். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணா, எனக்கு ஒரு பேரு வேணும்."

"இன்னா பேரு?"

"ராஜாத்திய கூப்புடற பேரு. நேத்திலேருந்து கேக்குறா. பேரு கொண்டாந்தாதான் கொழம்புல மீன் போடுவாளாம். ரெண்டு வேளையா வெறும் கொழம்பு அண்ணா. ரொம்ப பேஜாரா கீது."

நீலமேகம் அவனை உற்றுப் பார்த்தான். கேலி இல்லை. நிஜமாகவே பசித்த முகம். நீலமேகம் துண்டைத் தலையிலிருந்து எடுத்து மடித்து வைத்தான்.

"இட்லின்னு கூப்பிடேன். மெத்துன்னு இருக்கும்."

"அண்ணா, அவ பொந்துக்குள்ள கைய உட்டு நண்ட இழுக்கறவ. இட்லின்னா சிரிப்பா."

"அப்ப அவசரப்படாத. யோசிப்போம்."

இருவரும் விளக்கு வைக்கிற வரை யோசித்தார்கள். அமுதவல்லி உள்ளிருந்து இரண்டு தட்டில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். ராஜேந்திரன் முதல் மீன் துண்டை வாயில் வைத்ததும் கண்ணை மூடினான். பிறகு திடீரென்று திறந்தான். நீலமேகத்தின் காதில் ஏதோ சொன்னான். நீலமேகம் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான்.

மறுநாள் காலை கொட்டகையில் அமுதவல்லியின் போன் அடித்தது. 'வூட்டுக்காரர்.' பேச்செல்லாம் ஒரே நொடியில் நின்றது. சுப்பராயலு மின்விசிறியைக் கூட நிறுத்தினார்.

"அலோ" என்றது போன். நீலமேகத்தின் குரல் இல்லை. நடுங்கிய வேறு குரல். "அக்கா, ராஜாத்தி கீதா?"

ராஜாத்தி எழுந்தாள். "இன்னாயா? யாரு போனு இது?"

"அண்ணன்து. வந்து…" எச்சில் விழுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. "என் வஞ்சிரமே…"

எந்த நண்டுக்கும் அஞ்சாத ராஜாத்தி, பக்கத்திலிருந்த காலிக் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஏரில நண்டு புடிக்கறவளுக்குக் கடல்லயே ஒசத்தியான மீனோட பேராச்சே" என்றார் சுப்பராயலு மரியாதையோடு.

போனில் யாரோ யாருக்கோ கிசுகிசுப்பது கேட்டது. "பாட்ட ஆரம்பி. காத்தே காத்தேன்னு…"

அமுதவல்லி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். "யோவ்! அது என் பாட்டுயா! ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுக்காத!"

அந்தப் பக்கம் போன் கைமாறியது. பிறகு நீலமேகத்தின் குரல், ஒளிவு மறைவில்லாமல், ஏரி முழுக்கக் கேட்கும்படி வந்தது. "உனக்குப் புதுசா ஒண்ணு கட்டினு கீறேன் கொழுக்கட்ட! இது அவனுக்கு இருக்கட்டும்!"

கொட்டகை விசிலடித்தது. பெண்களில் ஒருத்தி, "அமுதா, உங்க வூட்டுக்காரர் நாளைக்கு எப்போ சும்மா இருப்பாரு? எங்காளையும் அனுப்பணும்" என்றாள். இன்னொருத்தி, "அவருக்கு முன்னால என் ஆளு" என்றாள். அமுதவல்லி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் நண்டுக் கூடையின் உப்புத் தண்ணீர், துடைக்கத் துடைக்கக் கண் எரிந்தது, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

ராஜாத்தி கூடையை மெல்ல உயர்த்தினாள். முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. நடந்து வந்து போனை இரண்டு கையாலும் எடுத்து வாயருகே பிடித்தாள்.

"எனக்கு சரியா கேக்கலய்யா" என்றாள். "இன்னொரு வாட்டி சொல்லு."