அக்கா கொடுத்த மாத்திரை

பஸ் டிரைவர் தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தான். கண்ணை எடுத்தால் கால் எங்கே விழுகிறதென்றே தெரியவில்லை. டிப்போவில் அதற்கு வைத்த பெயர் 'தண்ணி'. இரண்டு முறை ஊதச் சொன்னார்கள். மெஷின் ஒன்றும் காட்டவில்லை. ஆள் கில்லாடி, மெஷினுக்கே சிக்காத சரக்காகப் பார்த்து அடிக்கிறான் என்று சிரித்துவிட்டு, வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மருந்துக்கடை வைத்திருக்கும் அவன் அக்கா மட்டும் என்ன ஒழுங்கு? மனைவி கண்ணெதிரேயே, "ஊதுடா என் மூஞ்சில" என்று சொன்னவள் அவள்தான்.

இன்று அவளே அவனை நரம்பு டாக்டரிடம் கூட்டி வந்திருந்தாள். டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டினார். குடியெல்லாம் இல்லை, உடம்பில் செம்புச் சத்து அடியோடு வற்றியிருக்கிறது, ரத்தம் குறைந்ததும் கால் மரத்ததும் அதனால்தான் என்றார். ஜிங்க் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறானா என்றும் கேட்டார்.

"அக்கா குடுக்கற சத்து மாத்திரைதான் சார். பேரெல்லாம் தெரியாது."

அக்கா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். முடி கொட்டுகிறதென்று கண்ணாடி முன்னால் புலம்பிய தம்பிக்கு அவள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஜிங்க்தான். சொந்தத் தம்பிக்கு டாக்டர் சீட்டு எதற்கு? முடி கொட்டுவது நின்றது, மாத்திரை நிற்கவில்லை. முகம் வெளுத்தபோது இரும்புச் சத்தையும் சேர்த்தாள். தள்ளாடியபோது, குடித்துக் குடித்துத் தெம்பு போய்விட்டதென்று ஜிங்க்கை இரட்டிப்பாக்கினாள்.

"பி காம்ப்ளெக்ஸ், டாக்டர்," என்றாள்.

அப்படியானால் கோளாறு குடலில்தான் இருக்கும், குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். காரணம் தெரியாமல் டிப்போவுக்கு எதையும் எழுதித் தர முடியாதாம்.

வெளியே பெஞ்சில் தம்பி அவளை ஒட்டி உட்கார்ந்தான்.

"ஊதச் சொன்னாலும் நீதான்க்கா டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்தே. மத்தவங்க அதுகூட செய்யல," என்றவன் கையை நீட்டினான். "காலையில மாத்திரை போடல. இருந்தா குடு."

கைப்பையில் இருந்தது. அக்கா ஜிப்பில் கை வைத்தாள். அப்படியே எழுந்து டாக்டர் அறைக்குள் போனாள்.

எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. அவர் பொறுமையாக விளக்கினார். ஜிங்க் அளவு மீறினால் குடல் செல்கள் அதைச் சமாளிக்க ஒரு புரதத்தைச் செய்கின்றன. அந்தப் புரதம் ஜிங்க்கைவிடச் செம்பைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குள் விடாது. சில நாளில் அந்தச் செல்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். சாப்பாட்டில் எவ்வளவு இருந்தாலும் வாசலிலேயே திரும்பிப் போகிற விருந்தாளி மாதிரிதான்.

"நிறுத்திட்டா சரியாயிடுமா?"

"ரத்தம் ஏறிடும்மா. கால் இதுக்கு மேல மோசமாகாது. பழையபடி வருமான்னா... சொல்ல முடியாது. பஸ் ஓட்டறது கஷ்டம்."

சர்டிபிகேட்டோடு வெளியே வந்தவள், உட்காராமல் நின்றபடியே தம்பியிடம் சொன்னாள். ஜிங்க்கை, இரட்டிப்பாக்கியதை, சற்றுமுன் உள்ளே சொன்ன பொய்யை. பஸ்ஸைப் பற்றி மட்டும் பாதியில் நிறுத்தினாள், அவனுக்குப் புரிந்துவிட்டது.

தரையைப் பார்த்தபடி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"அப்ப, நான் குடிக்கல," என்றான்.

"இல்லடா."

"நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

மனைவியின் நம்பரைப் போட்டு, போனை அக்காவிடம் நீட்டினான். மறுமுனையில், இன்னும் என்ன வேணும் என்று எரிச்சலாக ஒரு குரல்.

"நான் அண்ணி பேசறேன்மா," என்றாள் அக்கா. "வெச்சுடாதே. தப்பு என்மேலதான். முழுசாக் கேளு."