பக்கத்துப் பட்டறை பெட்ரோல்

பெட்ரோல் பங்கில் அந்த ஒரு குழாயின் தலையில் மட்டும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மெக்கானிக் காதுக்காரன் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஊரில் நூறு ஆக்டேன் என்கிற உசத்தி பெட்ரோல் வருகிற குழாய் அது ஒன்றுதான். அந்தப் பெட்ரோல் கிடைக்காவிட்டால் மதியம் தங்கச்சியின் ரேஸ் வண்டி ஓடாது. வண்டி ஓடாவிட்டால் அவள் இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் வீண்.

பங்குக்காரப் பெண் அவனைப் பார்த்துப் பாவப்பட்டு அருகில் வந்தாள். லாரி வரவில்லை, நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றாள். அதுதான் சாதா பெட்ரோல் இருக்கிறதே, அதை அடித்துக்கொண்டு போங்களேன் என்று யோசனையும் சொன்னாள். நல்ல மனசு. ஆனால் அவளுக்கு என்ன தெரியும்?

அந்த இன்ஜினை அப்படித் தயார் செய்து வைத்திருந்தான் காதுக்காரன். உள்ளே காற்றைத் திணிக்கிற டர்போவின் அழுத்தத்தை ஏற்றி, தீப்பொறி விழும் டைமிங்கை எவ்வளவு முன்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து, நூறு ஆக்டேனுக்கென்றே கணக்காக அமைத்திருந்தான். அதில் சாதா பெட்ரோல் போனால் பிஸ்டன் மேலே வருவதற்குள் அது தானாகப் பற்றிக்கொள்ளும். உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். பட்டறைகளில் அதை நாக்கிங் என்பார்கள். மூன்று சுற்று அப்படி ஓடினால் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். இன்ஜினில் ஒரு மைக்கை முடுக்கி, ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு அந்தச் சத்தத்தைத் தேடுவதுதான் இவன் பிழைப்பு. காதுக்காரன் என்று பேர் வந்ததும் அதனால்தான்.

இன்றைக்கு ஒரு ரேஸ் டீமின் மேனேஜர் வருகிறார். அவரவர் வண்டியை அவரவர் கொண்டுவர வேண்டும், மூன்று சுற்று ஓட்டிக்காட்ட வேண்டும், யார் வேகமோ அந்த ஒருவருக்குத்தான் இடம். தங்கச்சிக்கு இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். வாரம் முழுக்க ரொட்டி கம்பெனி வேன் ஓட்டுகிறவள், பல்வலி என்று பொய் சொல்லி லீவு போட்டிருக்கிறாள். காலையிலேயே வண்டியை டிரெய்லரில் ஏற்றி மைதானத்துக்கு அனுப்பியாயிற்று. டேங்க் காலி.

முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். அங்கேதான் இவனுடைய வீம்பு. அடைத்து வைத்த பெட்ரோல் செத்த பெட்ரோல் என்பது இவன் கட்சி. ஓடுகிற அன்று காலையில் வாங்கி, அன்றே ஊற்றுவான். இதை ஊர் முழுக்கப் பிரசங்கம் செய்துகொண்டு திரிந்தவன். யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான், பேர் மட்டும் காதுக்காரன்.

சரி, அழுதுகொண்டிருந்தால் ஆகுமா? ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை முனையில் இருக்கும் பங்குக்குப் பறந்தான். அங்கே இருந்ததையெல்லாம் விடிந்ததும் ஒரு பைக் கூட்டம் வந்து உறிஞ்சிக்கொண்டு போயிருந்தது. சின்ன விமானங்களுக்கும் நூறு ஆக்டேன்தான் என்று அவை இறங்குகிற மைதானத்துக்குப் போய்க் கெஞ்சினான். அங்கிருந்தவர் சிரிக்காமல், விமானத்தை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டார். உதிரிபாகக் கடையில் ஆக்டேன் ஏற்றுகிற மருந்து என்று ஒரு புட்டியை நீட்டினார்கள். ஊற்றினால் ராக்கெட் மாதிரி போகும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். காதுக்காரன் புட்டியின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டு, ராக்கெட்டுக்கே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டு வந்தான். அந்த மருந்து ஒரு புள்ளியைக்கூட முழுசாக ஏற்றாது. இவனுக்கு வேண்டியது மலையளவு.

தங்கச்சி போன் செய்தாள். எல்லாரும் வந்துவிட்டார்கள், மேனேஜரும் வந்துவிட்டார், நீ எங்கே என்றாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்றான். கையில் இருந்ததோ காலிக் கேன்.

கடைசியில் வண்டியைப் பட்டறைக்கே திருப்பினான். தன் பட்டறைக்கு இல்லை, பக்கத்துப் பட்டறைக்கு. அது தாடி என்கிற மெக்கானிக்கின் பட்டறை. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இருவரும் கூட்டாளிகள், ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஒரு வாடிக்கையாளரின் இன்ஜின் வெடித்தது, கூட்டும் வெடித்தது. பேராசைப்பட்டு டைமிங்கை ஏற்றிவிட்டாய் என்றான் தாடி. உன் பீப்பாய் பெட்ரோல் செத்துப்போனது என்றான் இவன். நடுவில் சுவர் எழும்பியது. அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேச்சில்லை. தாடி மட்டும் இன்றுவரை இரும்புப் பீப்பாயில்தான் பெட்ரோலைச் சேமித்து வைக்கிறான்.

தாடியும் இன்றைய தேர்வுக்குத் தன் ஆளை அனுப்பியிருந்தான். பின்னாலேயே தானும் கிளம்புகிற அவசரத்தில்தான் இருந்தான். காதுக்காரன் வாசலில் நின்றான். கையிலிருந்த காலிக் கேனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"தங்கச்சிக்கா?" என்றான் தாடி.

"ஆமா. எங்கேயும் கிடைக்கல. உன் கால்ல வேணா விழறேன்."

"விழுந்து எந்திரிக்க நேரமிருக்கா உனக்கு? நகரு."

தாடி பீப்பாயின் மூடியைத் திருகித் திறந்தான். பழைய ஸ்பேனரைப் போட்டு முழுப் பலத்தோடு திருக வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். தன்னுடைய சிவப்புக் கேனிலேயே பிடித்துக் கொடுத்தான். விளிம்பு நசுங்கிய கேன்.

"இருக்கறதுல பாதி. மீதி என் ஆளுக்கு," என்றான். "மூடி இறுக்கமா இருந்தா பெட்ரோலுக்கு ஒண்ணும் ஆகாது. அன்னைக்கும் இதைத்தான் சொன்னேன்."

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, தலையை ஆட்டிவிட்டு ஓடிவந்துவிட்டான்.

வழியெல்லாம் அந்தக் கேன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவனைக் குடைந்தது. எதற்காகக் கொடுத்தான்? அவன் ஆளும்தானே போட்டியில் இருக்கிறான்? எந்த மடையனாவது எதிராளிக்குப் பெட்ரோல் கொடுப்பானா? சாதாவைக் கலந்திருப்பானோ? கலக்காவிட்டாலும் எத்தனை நாள் கிடந்ததோ? சிக்னலில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். பெட்ரோல் வாசனைதான் வந்தது. ஆக்டேன் மூக்குக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. காதுக்குத்தான் தெரியும், அதுவும் வண்டி முழு வேகத்தில் இழுக்கும்போது மட்டும்.

மைதானத்தில் அவளுடைய முறை நெருங்கிவிட்டிருந்தது. வண்டியில் கேனைக் கவிழ்த்தான். அவசரத்தில் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொள்ளாமல் இருந்ததே பெரிது. வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிஸ்டனில் ஓட்டை விழுந்து, மேனேஜர் முன்னால் புகை கக்கிக்கொண்டு வண்டி நடுவழியில் நிற்பது அவன் கண்ணில் படமாக ஓடியது.

தங்கச்சி ஹெல்மெட்டை எடுக்கப் போன நேரத்தில் இன்ஜினின் கம்ப்யூட்டரில் லேப்டாப்பை மாட்டினான். டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளினான். கொஞ்சம்தானே என்றது மனசு. அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளினான். டர்போ அழுத்தத்தையும் இறக்கினான். இப்போது எந்தக் கழுதைப் பெட்ரோலை ஊற்றினாலும் இன்ஜின் தாங்கும். ஆனால் பழைய பலம் இருக்காது.

"பெட்ரோல் சரியா இருக்காண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இருக்கு."

"முழு பவர்தானே?"

"முழு பவர்தான்," என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓட்டினாள். வளைவுகளில் அவளை மிஞ்ச அன்று அங்கே ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை நேர்ப்பாதைக்கு வரும்போதும் வண்டி மந்தமாக இழுத்தது. அவளோ தன் தப்பென்று நினைத்து, அதை ஈடுகட்ட ஒவ்வொரு சுற்றிலும் பிரேக்கைத் தாமதமாக மிதித்தாள். கடைசிச் சுற்றில் பின்சக்கரம் வழுக்கி வண்டி சுவரை நோக்கித் திரும்பியது. காதுக்காரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது அவள் எப்படியோ நேராக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டிருந்தாள்.

இரண்டாவது இடம். கண் இமைக்கிற நேரம்தான் வித்தியாசம். எங்கிருந்தோ வந்த ஒரு இளைஞனுக்கு மேனேஜர் கைகொடுத்துக்கொண்டிருந்தார். தாடியின் ஆள் மூன்றாவது.

வண்டி ஓடியபோது பதிவானதை லேப்டாப்பில் திறந்து பார்த்தான். நாக்கிங் இருந்தால் கோடு எழும்பும். மூன்று சுற்றிலும் கோடு எழும்பவே இல்லை. பலத்தை இறக்கி வைத்த இன்ஜினில் எழும்பாதுதான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். அந்தத் தேறுதலும் நிலைக்கவில்லை. தாடி வந்து நின்றான்.

"வளைவுல பறக்கறா. நேர்ல ஏன் வண்டி இழுக்கல?" என்றான். "என் ஆளு வண்டி அதே பெட்ரோல்ல முழு டைமிங்ல ஓடிச்சு. ஒரு தட்டுற சத்தம்கூட இல்ல."

காதுக்காரன் முகத்தில் ஈயாடவில்லை. தாடி அவனையும் பார்த்தான், லேப்டாப்பையும் பார்த்தான். புரிந்துவிட்டது. அவன் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தன் ஆளின் பக்கம் திரும்பி நடந்துவிட்டான். அப்படியானால் அன்றைக்கு வெடித்த இன்ஜின் எதனால் வெடித்தது? அந்தக் கேள்வியை முழுசாகக் கேட்டுக்கொள்ளவும் இவனுக்குத் துணிச்சல் இல்லை.

தங்கச்சி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு டயரின் மேல் உட்கார்ந்தாள். தலையெல்லாம் வேர்வை.

"வண்டி மேல ஒரு குறையும் சொல்ல முடியாதுண்ணா. நீ நாய் படாத பாடு பட்டு பெட்ரோல் கொண்டுவந்தே. நான்தான் சொதப்பிட்டேன். நேர்ல எங்கேயோ பயந்து காலை எடுக்கறேன் போல, எனக்கே தெரியாம." கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு அவ்வளவுதான் வரும்," என்றாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை, தாடி சொல்கிற ஆள் இல்லை. ஆனால் ஆயுசு முழுக்க அவள் அந்த வார்த்தையை நம்பிக்கொண்டு ரொட்டி வேன் ஓட்டுவதை நினைத்தபோது காதுக்காரனால் அது முடியவில்லை.

"நீ காலை எடுக்கல. நான்தான் பவரைக் குறைச்சேன்," என்றான். "பெட்ரோல் மேல சந்தேகம். உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் காலடியில் கிடந்த சிவப்புக் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஊத்தும்போதே பாத்தேன், தாடி அண்ணன் கேன்தான்னு. அதைப் பாத்ததும் எனக்கு நிம்மதியாயிடுச்சு. அவர் கொடுத்தா நல்லதாத்தான் இருக்கும்னு தைரியமா ஏறி உக்காந்தேன்." குனிந்து கேனின் நசுங்கிய விளிம்பைத் தடவினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பிஸ்டன் போனா போகட்டும்னு சொல்லியிருப்பேன்ல?"

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். காலையில் சீக்கிரம் வேன் எடுக்க வேண்டும் என்றாள்.

"டேங்க்ல மிச்சம் இருக்கறத வடிச்சு அவர்கிட்ட கொடுத்துடு. நல்ல பெட்ரோலு, வீணாக்காதே."

அவள் கேட்டைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வண்டிக்கு அடியில் நகர்ந்து படுத்து, டேங்கின் அடிமூடியைத் திறந்து, கேனைப் பிடித்தான். பெட்ரோல் கண்ணாடி மாதிரி இறங்கியது. அழுகை வந்தது, அடக்கவில்லை. யாராவது குனிந்து கேட்டால் பெட்ரோல் கண்ணில் தெறித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.